பள்ளிச் சேவைக்குப் புள்ளி வேண்டுமா?

பாசிர் ரிஸ் தந்தை எழுதியது:
சிங்கப்பூரில் பள்ளி மாணவர்கள் சமூக சேவை செய்வதை நான் எதிர்க்கவில்லை. அதற்குப் புள்ளி கொடுப்பதையே எதிர்க்கிறேன். 2014இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களிடமிருந்து தொடங்கிய, பாடத்துக்கு வெளியே மாணவர் செய்பவற்றை மதிப்பிடும் லீப்ஸ் 2.0 முறையில், தலைமைத்துவம், சாதனை, பங்கேற்பு ஆகியவற்றோடு சேவையும் ஒரு பிரிவு. நான்கிலும் குறைந்தது மூன்றாம் நிலையை எட்டி, ஏதேனும் ஒன்றில் நான்காம் நிலைக்கு ஏறிய மாணவருக்கு, உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு சேரும் தொடக்கக்கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது தேர்வுப் புள்ளிகளில் இரண்டு கழிக்கப்படும். குறைந்த புள்ளி உள்ளவருக்கே இடம் என்னும்போது, அந்த இரண்டுக்காகப் பிள்ளைகளும் பெற்றோரும் எதையும் செய்வார்கள். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் அண்மையில் ஒரு சனிக்கிழமை கொடிநாள் உண்டியலோடு எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நின்றாள். திரட்டிய பணம் யாருக்குப் போகிறது என்று கேட்டேன். உண்டியலில் ஒட்டியிருந்த பெயரைச் சொன்னாளே தவிர, அந்த அமைப்பு என்ன செய்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எத்தனை மணி நேரம் பதிவாகும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. இதற்குச் சேவை என்று பெயர் வைக்கலாமா?

முன்னாள் ஆசிரியை எழுதியது:
ஐயா, நீங்கள் சொல்லும் குறை பழைய குறை. 1997இல் சமூக ஈடுபாட்டுத் திட்டம் வந்தபோது ஆண்டுக்கு 6 மணி நேரம் என்பதே கணக்காக இருந்தது. ஆசிரியர்களாகிய நாங்களும் அட்டையில் கையொப்பமிட்டு மணி நேரத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். அந்த நிலையை மாற்றத்தான் 2012இல் விஐஏ எனப்படும் வேல்யூஸ் இன் ஆக்‌ஷன் திட்டம் கொண்டுவரப்பட்டது. மாணவர்களே ஒரு தேவையைக் கண்டறிந்து, திட்டமிட்டு, செய்து முடித்த பிறகு அதைப் பற்றிச் சிந்தித்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. உங்கள் மகளுக்கு அந்த அமைப்பைப் பற்றி யாரும் சொல்லாமல் அனுப்பியது பள்ளி செய்த தவறு. அதற்குப் புள்ளி முறையைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். விளையாட்டில் பள்ளியைப் பிரதிநிதிக்கவும் இசைக்குழுவில் பரிசு வாங்கவும் திறமை வேண்டும், பல நேரங்களில் தனி வகுப்புக்குக் கட்டும் பணமும் வேண்டும். சேவைப் பிரிவில் மட்டுமே, வசதி குறைந்தோருக்கான அரசு வாடகை வீட்டிலிருந்து வரும் பிள்ளையும் அக்கறை ஒன்றை வைத்துக்கொண்டு மேல்நிலைக்கு ஏற முடிகிறது. அந்தக் கதவைச் சாத்தச் சொல்கிறீர்கள்.

தாதிமை இல்லப் பணியாளர் எழுதியது:
புள்ளி கொடுப்பவர், புள்ளி வாங்குபவர் ஆகிய இருவரைப் பற்றி மட்டுமே பேச்சு நடக்கிறது. சேவையைப் பெறுபவர்களின் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். சீனப் புத்தாண்டுக்கு முன்னாலும் ஆண்டு இறுதியிலும் எங்கள் இல்லத்துக்குப் பள்ளிக் குழுக்கள் வரிசையாக வரும். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று குழுக்கள் வந்து ஒரே பாடல்களைப் பாடி, ஒரே மாதிரி ஆரஞ்சுப் பழப் பையைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். தேர்வுக் காலத்தில் எட்டிப் பார்க்க ஆளிருக்காது. முதியவர்கள் குறை சொல்வதில்லை. கைதட்டுவார்கள், களைத்துப்போய்ப் படுத்துவிடுவார்கள்.

பயன் என்று நான் கண்டது வேறு. ஆங்கிலமோ மலாயோ அதிகம் வராத ஒரு தமிழ் மூதாட்டி இங்கே இருக்கிறார். குழுவோடு வந்த ஒரு மாணவன் பிறகு தனியாகவே வரத் தொடங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் முரசு நாளிதழை வாசிப்பான். பாட்டிக்கு முதலில் மரண அறிவித்தல்கள்தான் வேண்டும். தெரிந்த ஊர்ப்பெயர் வந்தால் நிறுத்தச் சொல்லி, அந்தக் குடும்பம் சிராங்கூன் சாலையில் எந்தக் கடை வைத்திருந்தது என்பதுவரை சொல்வார். எழுத்துக்கூட்டி வாசித்த பையன் சில மாதங்களில் தடையில்லாமல் வாசித்தான். வகுப்பில் படிக்கும் மொழிக்கும் செய்யும் சேவைக்கும் இப்படி முடிச்சுப் போடுவதைத்தானே சேவைவழிக் கற்றல் என்கிறார்கள்? அதை எந்தப் பள்ளியும் திட்டமிட்டுச் செய்து நான் பார்க்கவில்லை.

உயர்நிலை நான்கு மாணவர் எழுதியது:
புள்ளிக்காகத்தான் நானும் பதிவு செய்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் கடைசியில் எழுதித் தர வேண்டிய சிந்தனைத் தாளை, மூத்த மாணவர்கள் கொடுக்கும் பழைய தாளைப் பார்த்தே பெரும்பாலோர் எழுதுகிறார்கள் என்பதை ஆசிரியை அம்மாவுக்குத் தெரியப்படுத்த விரும்புகிறேன்.

பாசிர் ரிஸ் தந்தை எழுதியது:
தம்பி சொன்னது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. கட்டாயம் வேண்டும் என்பவர்கள் வெளிநாடுகளைக் காட்டுவதுண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியை முடிக்க 75 மணி நேரச் சேவைவழிக் கற்றல் தேவை. கனடாவின் ஒன்டாரியோவில் 40 மணி நேரச் சேவை. நம் ஊரிலேயே சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகம் பட்டம் பெற 80 மணி நேரத்தை நிபந்தனையாக்கியிருக்கிறது. இவை எல்லாமே எல்லாருக்கும் பொதுவான நிபந்தனைகள். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்கு முன்னால் நிறுத்தும் கருவியாக அங்கே சேவை பயன்படவில்லை. கட்டாயத்தை வைத்துக்கொள்ளுங்கள், போட்டியை எடுத்துவிடுங்கள் என்கிறேன். வாடகை வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஆசிரியை எழுதியதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை மாலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தை எந்தப் பள்ளியும் சேவையாகப் பதிவதில்லையே!

முன்னாள் ஆசிரியை எழுதியது:
கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. மற்றதற்கு இருக்கிறது. புள்ளி இல்லாத எதுவும் நம் பள்ளிகளில் தேர்வு ஆண்டின் கால அட்டவணையில் நிலைத்ததில்லை. கணக்கு மறுபார்வை வகுப்பு அந்த நேரத்தை விழுங்கிவிடும். 2017 முதல் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்கள் நாள்தோறும் துப்புரவு செய்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். வகுப்பறையைக் கூட்டச் சில நிமிடங்கள் போதும்; முதியவர் ஒருவரோடு பழக மாதங்கள் வேண்டும். இல்லப் பணியாளரிடம் ஒன்று கேட்கிறேன்: பெரிய குழுவாக வருவதற்குப் பதில் ஐந்தாறு பேரைப் பள்ளி ஓராண்டு முழுவதும் வாராவாரம் அனுப்பினால் உங்களால் சமாளிக்க முடியுமா?

தாதிமை இல்லப் பணியாளர் எழுதியது:
தாராளமாக முடியும். மாலை மூன்று மணிக்கு மேல், குளியலும் மருந்தும் முடிந்த நேரத்தில் அனுப்புங்கள். யார் எந்த மொழி பேசுவார் என்ற பட்டியலை முன்கூட்டியே தருகிறேன். ஆனால் தேர்வு மாதத்திலும் அவர்கள் வருவார்கள் என்று பள்ளி முதலில் உறுதி தர வேண்டும்.