புதுப்பிப்பு: கோத்தகிரி பேக்ஹோவின் காலை நேர முனகல்

போன பதிவில் கேட்டது இதுதான்: கோத்தகிரியில் தோட்டத்து ரோடு வேலைக்கு வந்த பேக்ஹோ (மண் தோண்டும் வண்டி). காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஹைட்ராலிக் பம்ப் முனகும், பூம் (தோண்டும் கை) இழுத்து இழுத்துத் தூக்கும், வெயில் ஏறினால் சரியாகிவிடும். பாதிப் பேர் பம்ப் போச்சு, மாற்றிவிடு என்றீர்கள். பம்ப் தப்பித்தது.

டேங்கில் எண்ணெய் வெள்ளையாக நுரைத்திருந்தது. தண்ணீர் கலந்துவிட்டதோ என்று ஓனருக்குப் பயம். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அடியிலிருந்து தெளிந்துகொண்டு வருகிறது. தண்ணீர் என்றால் இவ்வளவு சீக்கிரம் தெளியாது. காற்றுதான். சக்‌ஷன் ஹோஸ் (டேங்கிலிருந்து பம்ப்புக்கு எண்ணெய் போகும் குழாய்) கிளாம்ப்பைச் சுற்றி கிரீஸ் அப்பினேன், காற்று புகும் இடுக்கு அடைபட்டு சத்தம் பாதி அடங்கியது. ஹோஸைக் கழற்றினால் உள்பக்க ரப்பர் செதில் செதிலாக உரிந்து ஸ்ட்ரெய்னர் (எண்ணெய் வடிகட்டி) வலையை அடைத்திருக்கிறது.

அப்புறம் எண்ணெய். வண்டி அதுவரை மலைக்குக் கீழே மேட்டுப்பாளையத்தில் ஓடியது. அங்கே வெயிலுக்கு ஊற்றிய கெட்டியான 68 கிரேடு எண்ணெய் அப்படியே மேலே வந்துவிட்டது. மார்கழிக் குளிரில் அது எங்கே ஓடும்? ஹோஸ், ஸ்ட்ரெய்னர் மாற்றி, டேங்கைக் கழுவி, அதைவிட இளகலான 46 கிரேடு ஊற்றினோம். மறுநாள் காலை கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டதும் பூம் ஒரே மூச்சில் எழுந்தது. பம்ப் விலை மிச்சமான ஓனர் என் கூலியில் பேரம் பேசியது தனிக் கதை.

பக்கெட்டை மாட்டும் பின் உட்காரும் புஷ்ஷில் ஆட்டம் பாக்கி இருக்கிறது. லைன் போரிங் மெஷினை (தேய்ந்த துளையை நேராகக் கடைந்து சரிசெய்வது) மலைக்கே கொண்டுவந்து செய்துதரும் ஆள் தெரிந்தால் சொல்லுங்கள். வண்டியைக் கீழே இறக்கினால் டிரெய்லர் வாடகையே தின்றுவிடும்.