பிபிசி உரிமக் கட்டணம் பற்றி வீட்டு வாசலில் கேட்கப்பட்ட கேள்விகள்: பதில் யாருடையது?

ஹரோ வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற சனிக்கிழமை முற்பகல் லண்டன் ஹரோவில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அடையாள அட்டையைக் காட்டி, ஒளிபரப்பு குறித்த கருத்தாய்வு என்றும் இருபது நிமிடம் ஆகும் என்றும் சொன்னார். வீட்டிலுள்ள வளர்ந்தவர்களுள் அடுத்துப் பிறந்தநாள் வருபவர் யார் என்று கேட்டபோது, அது 78 வயதான என் அம்மா என்று தெரியவந்தது. அவருக்குப் பதிலாக நான் பேசலாமா என்று கேட்டேன். முடியாது என்று பணிவாக மறுத்துவிட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும் என்றாலும் வேகமாகப் படித்தால் பிடிபடாது என்பதால், நான் அருகிலிருந்து மொழிபெயர்த்தேன்.

சிக்கல் கேள்விகளின் வரிசையில் இருந்தது. நம்பகமான செய்தி எவ்வளவு முக்கியம், பிள்ளைகளின் கல்விக்கான நிகழ்ச்சிகள் எவ்வளவு முக்கியம், தேசிய நிகழ்வுகளை எல்லோரும் சேர்ந்து பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று வரிசையாக ஐந்து கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் "மிக முக்கியம்" என்றே அம்மா சொன்னார். வேறு என்ன சொல்ல முடியும்? அதற்கு அடுத்ததாக, நாளொன்றுக்கு ஏறக்குறைய 48 பென்ஸ் செலவில் பிபிசி தரும் சேவைகள் கொடுத்த காசுக்குத் தகுந்தவையா என்ற கேள்வி வந்தது. "48 பென்ஸ் எண்டால் பெரிய காசில்லைத்தானே, ஓம் எண்டு சொல்லு" என்றார்.

இதே அம்மாதான் 75 வயதைக் கடந்த எல்லோருக்கும் இருந்த இலவசத் தொலைக்காட்சி உரிமம் (பிபிசியின் செலவு பெரும்பாலும் இந்த உரிமக் கட்டணத்திலிருந்தே வருகிறது) 2020 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு, குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான பென்ஷன் கிரெடிட் என்ற அரசு உதவி பெறுவோருக்கு மட்டும் என்று ஆனதிலிருந்து, தமிழ்ச் சனல்களை மட்டும் பார்க்கும் தனக்கு டிவி லைசென்ஸ் எதற்கு என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்பவர். 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுணாக உயர்ந்தது. அந்தத் தொகையைச் சொல்லிக் கேட்டிருந்தால் பதில் நிச்சயமாக வேறாக இருந்திருக்கும். எந்தப் பதிலை அவருடைய கருத்து என்று கொள்வது? இப்படிக் கேட்பது இத்துறையில் வழக்கம்தானா, அல்லது முறைப்பாடு செய்ய வேண்டிய விடயமா? அனுபவம் உள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முன்னாள் களப்பணியாளர், குரொய்டன்:

பல ஆண்டுகள் இந்த வேலையில் கதவு தட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களிடம் வந்தவர் தெரிவு முறையைச் சரியாகவே பின்பற்றியிருக்கிறார். அஞ்சல் முகவரிப் பட்டியலிலிருந்து எழுமாறாக வீடுகளை எடுத்து, அந்த வீட்டுக்குள் யார் என்பதைப் பிறந்தநாளை வைத்து முடிவு செய்வார்கள். கதவைத் திறப்பவரையே கேட்டுக்கொண்டு போனால், பகலில் வீட்டில் இருப்பவர்களும் அந்நியரோடு தயக்கமின்றிப் பேசுபவர்களும் மட்டுமே கணக்கில் சேர்வார்கள். உங்கள் அம்மாவைப் போன்றவர்களின் குரல் முழுமையாக விடுபட்டுப் போகும். ஆகவே உங்களை மறுத்ததற்காக அவர்மீது வருத்தம் வேண்டாம்.

வினாநிரலில் உள்ளதை ஒரு சொல்லும் மாற்றாமல் படிக்க வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட முதல் விதி. "இதன் பொருள் என்ன?" என்று கேட்டால்கூட, "உங்களுக்கு எப்படிப் படுகிறதோ அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் சொல்ல முடியும். விடைத் தெரிவுகளைப் பதிலாளருக்குக் காட்டும் அட்டையில் "தெரியாது" என்பது பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்காது. ஆனால் பதிலாளர் தானாகச் சொன்னால் நாங்கள் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். இது பலருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனை கவனமாகச் சொற்களைக் காத்துவந்த பிறகு, நம் வீடுகளில் பிள்ளை மொழிபெயர்க்கும் அந்த நொடியில் எல்லாம் மாறிவிடும். ஒரு தாய் இரண்டு நிமிடம் தமிழில் பேசுவார். மகள் திரும்பி "ஆம், திருப்தி" என்று இரண்டு சொல்லில் முடிப்பார். பதிலாளரின் மொழி தெரிந்தவர் போகாத வீட்டில் இதற்கு மருந்தே இல்லை என்பது என் கருத்து.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிபிசி தன் நேயர் ஆய்வைத் தொடங்கியது 1936இல், ராபர்ட் சில்வி என்பவரின் பொறுப்பில். 1939 டிசம்பரிலிருந்து நாள்தோறும் சுமார் 800 பேரிடம், முந்தைய நாள் வானொலியில் எதையெல்லாம் கேட்டீர்கள் என்று விசாரித்தார்கள். அந்தக் கேள்விக்கான பதில் நீங்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே இருக்கிறது. நினைவு பிசகலாம், அவ்வளவுதான். "காசுக்குத் தகுந்ததா?" என்பதற்கான பதிலோ பலருக்குக் கேள்வி கேட்கப்படும் அந்த வாசலில்தான் உருவாகிறது. அதனால்தான் கேள்வியின் சொற்கள் அங்கே இவ்வளவு வேலை செய்கின்றன.

புள்ளியியல் ஆசிரியர்:

மேலே சொன்னதற்கு ஒரு பழைய சான்று உண்டு. அமெரிக்காவில் டொனால்ட் ரக் என்பவர் 1941இல் வெளியிட்ட ஒப்பீடு அது. மக்களாட்சிக்கு எதிரான பொதுப் பேச்சுகளை "அனுமதிக்க வேண்டுமா?" என்று கேட்டபோது 62 விழுக்காட்டினர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள். இதே போன்ற இன்னொரு குழுவிடம் "தடைசெய்ய வேண்டுமா?" என்று கேட்டபோது, தடைசெய்ய வேண்டும் என்றவர்கள் 46 விழுக்காட்டினர் மட்டுமே. அனுமதிக்காமல் இருப்பதும் தடைசெய்வதும் நடைமுறையில் ஒன்றே என்றாலும், தடை என்ற சொல்லின் கடுமைக்கு முன்னால் பலர் பின்வாங்கினார்கள்.

உங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். 174.50 பவுணை 365ஆல் வகுத்தால் 48 பென்ஸுக்குச் சற்றுக் குறைவாக வரும். எனவே எண்ணில் பொய் இல்லை. ஆனால் எவரும் அந்தக் கட்டணத்தை நாள்கூலி போலச் செலுத்துவதில்லை. பெரும்பாலும் ஆண்டுத் தொகையாகவோ மாதத் தவணையாகவோ வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. மக்கள் எந்த வடிவில் செலவை உணர்கிறார்களோ அந்த வடிவில் கேட்பதுதான் நேர்மை என்பது என் உறுதியான நிலைப்பாடு. கட்டணத்தை எதிர்க்கும் மறுபக்கத்தாரும் இதே குறையைச் செய்யக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாமல் பார்ப்பது 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கக்கூடிய குற்றம் என்பதை முதலில் நினைவூட்டிவிட்டு, "இந்தக் கட்டாய வரியை ஒழிக்க வேண்டுமா?" என்று கேட்டால் வரும் பதிலும் அதே அளவுக்குக் கேள்வியின் பதில்தான். ஒழித்தால் அந்த இடத்தில் விளம்பரமா, சந்தாவா, பொது வரியா என்று சொல்லாமல் கேட்பது இன்னும் பெரிய குறை.

2015இல் பிபிசிக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. 70 வீட்டார் ஒன்பது நாள்கள் பிபிசி இல்லாமல் இருந்தார்கள்; அந்நாள்களுக்குரிய கட்டணமாக 3.60 பவுண் அவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கட்டணமே வேண்டாம் அல்லது குறைக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்ன 48 வீடுகளில் 33 வீட்டார் முடிவில் மனம் மாறி முழுக் கட்டணத்தையும் ஏற்றார்கள். கையில் இருந்ததை இழந்து பார்த்த பிறகு சொன்ன பதில் என்பதால் வாசற்படிப் பதிலைவிட அது ஆழமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் 48 வீடுகளை நாடாக எண்ணிவிடக் கூடாது. அதே ஆண்டு அரசு 19 கேள்விகளுடன் நடத்திய பொதுக் கலந்தாய்வுக்கு 1,92,000க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன; தாமாக முன்வந்து எழுதியவர்களின் பதில்கள் அவை என்பதால், எண்ணிக்கை எவ்வளவு பெரிதாயினும் அதையும் நாட்டின் விகிதமாகக் கொள்ள முடியாது.

முறைப்பாடு பற்றி: 2004இல் அமைக்கப்பட்ட பிரித்தானியக் கருத்துக்கணிப்புப் பேரவையின் உறுப்பு நிறுவனங்கள், வெளியான கணிப்பின் கேள்விச் சொற்களையும் அட்டவணைகளையும் பொதுப்பார்வைக்கு வைக்க வேண்டும். முடிவு செய்தியாக வரும்போது, யார் பணம் கொடுத்தார்கள், அந்த 48 பென்ஸ் கேள்விக்கு முன்னால் என்னென்ன கேட்கப்பட்டன என்று அட்டவணையில் பாருங்கள். தலைப்புச் செய்தியில் அந்த ஐந்து கேள்விகள் இரா.

ஈஸ்ட்ஹாம் வாசகி:

தம்பி, அம்மா தமிழ்ச் சனல் மட்டும் பார்ப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நாட்டுச் சனலானாலும் நேரலையாகப் பார்த்தால் உரிமம் தேவை என்பதே சட்டம். 2016 செப்டம்பரிலிருந்து பிபிசியின் இணையவழிக் காணொளிச் சேவையான ஐபிளேயருக்கும் அது பொருந்தும். நம்மவர் பலருக்கு இது தெரியாமல் இருப்பதால் "பிபிசி பார்க்காதவருக்கு என்ன கட்டணம்?" என்ற கோபம் வருகிறது. அந்தக் கோபத்தைப் பதிவதற்குக் கேள்வியே இல்லாவிட்டால் அது எங்கே போகும்?

எனக்கு ஒரு கேள்வி. அம்மா ஊரில் இருந்த காலத்தில் பிபிசி தமிழ் வானொலியான தமிழோசை கேட்டவரா? 1941இல் தொடங்கிய பிபிசி தமிழ் வானொலி 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு சிற்றலையில் நின்றது. தமிழ் வானொலியும் அடங்கிய, வெளியுறவு அமைச்சின் மானியத்தில் இயங்கிய பிபிசி உலக சேவை, 2014 ஏப்ரலிலிருந்து பெரும்பாலும் இந்த உரிமக் கட்டணத்தில்தான் இயங்குகிறது. எங்கள் வீட்டில் என் தந்தையார் மண்ணெண்ணெய் விளக்கடியில் காதை வைத்துக் கேட்ட செய்திக்கு "எந்தச் சேவையைப் பயன்படுத்துகிறீர்கள்?" என்ற அட்டையில் ஒரு கட்டம் இருக்குமா என்று உங்கள் பதிவைப் படித்ததும் நினைத்தேன். பிபிசி இயங்குவதற்கு அடிப்படையான இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31 வரைதான் என்பதால் இத்தகைய ஆய்வாளர்கள் இன்னும் பல வீடுகளுக்கு வருவார்கள்.

ஹரோ வாசகர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா கேட்டதை அம்மாவிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியை இயக்கித் தமிழோசை கேட்டதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அந்த அட்டையில் தொலைக்காட்சி, வானொலி, ஐபிளேயர், இணையத்தளம் என்று நான்கு மட்டுமே இருந்தன. அவர் "தொலைக்காட்சி இல்லை, வானொலி இல்லை" என்று சொல்லியிருந்தார். நானும் அப்படியே மொழிபெயர்த்திருந்தேன்.

நேற்று அந்த நிறுவனம் கொடுத்துச் சென்ற தாளில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். விரும்பினால் பதில்களை மொத்தமாக நீக்கலாம், ஆனால் ஒரு விடையை மட்டும் மாற்ற முடியாது என்றார்கள், கடைசியில் "வேறு ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?" என்ற பகுதி வெறுமையாக இருப்பதால் அதில் சேர்க்கலாம் என்றும் சொன்னார்கள். அந்தக் கேள்வியை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்காமலேயே "ஒன்றும் இல்லை" என்று சொல்லி விட்டேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீக்கிவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "நீக்க வேண்டாம். 174 பவுண் கூடத்தான், ஆனால் தமிழோசை கேட்டனான் எண்டு ரெண்டையும் எழுதச் சொல்லு" என்றார். இன்று காலை அப்படியே சொல்லி எழுதவைத்தேன்.