மறு: ‘இன்வாலண்டரி பார்ட்-டைம்’ – ‘குறைநேர வேலை’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

முழுநேர வேலை தேடியும் பகுதிநேரம் மட்டுமே கிடைப்பதை ஆங்கிலத்தில் ‘இன்வாலண்டரி பார்ட்-டைம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை ‘விருப்பமில்லாப் பகுதிநேர வேலை’, ‘கட்டாயப் பகுதிநேரப் பணி’, ‘தன்னிச்சையற்ற பகுதிநேரம்’ என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

‘விருப்பமில்லா’ என்றதும் வேலைக்குப் போகவே மனமில்லாத ஆள்தான் கண்முன் வருகிறார். இங்கே கதையே வேறு. இவர் வாரம் 40 மணிநேரம் கேட்கிறார், கிடைப்பது 20. ‘கட்டாயம்’ இன்னும் மோசம். ‘கட்டாய உழைப்பு’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1930-இலேயே அதற்கென ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, கொத்தடிமை வரை போகிற அந்தப் பொருளை இதன் தலையில் ஏற்றக் கூடாது. ‘தன்னிச்சை’யோ இரண்டு பக்கமும் இழுக்கும்: ‘தன்னிச்சையாக முடிவெடுத்தார்’ என்றால் தன் விருப்பப்படி, ‘தன்னிச்சையாகக் கை அசைந்தது’ என்றால் விருப்பத்துக்குத் தொடர்பே இல்லாமல். ஒருவர் ‘அனிச்சை’ என்றுகூட எழுதியிருந்தார். சூடு பட்டதும் கையை இழுத்துக்கொள்வதுபோல யாரும் பகுதிநேர வேலையில் சேர்வதில்லை ஐயா!

என் பரிந்துரை: குறைநேர வேலை. ஆளைக் குறிக்க, குறைநேரப் பணியாளர்.

> குறைநேரம் என்பதில் விருப்பம் பற்றிய செய்தியே இல்லையே? படிக்கிற பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும்கூடக் குறைந்த நேரம்தானே வேலை செய்கிறார்கள்?

அவர்களுக்குப் ‘பகுதிநேரம்’ இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். ‘குறை’ வேறு, ‘குறைந்த’ வேறு. குறைப்பிரசவம், குறைவேக்காடு, அரைகுறை என்று சொல்லும்போதெல்லாம் முழுமைக்கு வரவேண்டியது வராமல் நின்றுவிட்டது என்பதுதானே பொருள். வேண்டிய நேரம் கிடைக்கவில்லை என்ற செய்தி அந்த முன்னொட்டிலேயே வந்துவிடுகிறது.

> ‘அண்டர்-எம்ப்ளாய்மெண்ட்’டுக்குக் ‘குறைவேலை’ என்று வைத்துக்கொண்டால் அதுவே போதாதா?

போதாது. நேரத்திலோ தகுதியிலோ போதுமான வேலை கிடைக்காத எல்லாரையும் அது குறிக்கும். பொறியியல் படித்துவிட்டு எழுத்தர் வேலை முழுநேரமும் பார்ப்பவர்கூட அந்தப் பெரிய வகைக்குள் வருவார். தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 1982 பன்னாட்டு மாநாடு இதைக் கண்ணுக்குத் தெரிவது (நேரம் போதாமை), தெரியாதது (திறமைக்கோ வருமானத்துக்கோ ஈடாகாமை) என்று இரண்டாகப் பிரித்தது. 1998 மாநாடு நேரம் சார்ந்த பகுதிக்கு மூன்று அளவுகோல் வைத்தது: கூடுதல் நேரம் உழைக்க விருப்பம் இருக்க வேண்டும், அதற்கு ஆள் தயாராக இருக்க வேண்டும், இப்போது உழைக்கும் நேரம் ஒரு வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். பெரியதற்குக் குறைவேலை, உள்ளே இருக்கும் இந்தச் சிறியதற்குக் குறைநேர வேலை என்று வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளாது.

இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் உண்டு. கணக்கெடுக்கும் வாரத்தில் ஊதியத்துக்காக ஒரு மணிநேரம் வேலை செய்திருந்தாலே பன்னாட்டு வரையறைப்படி அவர் வேலையில் இருப்பவர், வேலையின்மை விகிதத்தில் அவர் வரவே மாட்டார். அமெரிக்காவில் 2007 நெருக்கடிக்கு முன் முழுநேரம் கிடைக்காமல் பகுதிநேரம் பார்த்தவர்கள் ஏறக்குறைய 45 லட்சம் பேர், 2009 வாக்கில் அது 90 லட்சத்தைத் தாண்டியது. 2014 மார்ச்சில் அந்நாட்டு மைய வங்கித் தலைவராக இருந்த ஜேனட் யெல்லன், முழுநேரம் தேடும் 70 லட்சம் பகுதிநேரக்காரர்களைக் காட்டி, வேலையின்மை விகிதம் சொல்வதைவிட நிலைமை மோசம் என்றார். அவர்களைப் பாதி வேலையற்றவர்கள் என்ற பொருள்படவே குறிப்பிட்டார்.

சம்பளம் பாதியாகிறது என்பதோடு இது நிற்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் பெரிய கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். அடுத்த வார ஷிஃப்ட் பட்டியல் வியாழன் இரவு கைப்பேசிக்கு வரும். ஒரு வாரம் 34 மணிநேரம், மறுவாரம் 16. வியாபாரம் மந்தமாக இருந்தால் வந்தவரையே பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ‘இன்னொரு வேலையும் பாரேன்’ என்று சொல்வது சுலபம், ஆனால் எப்போது கூப்பிட்டாலும் வரவேண்டும் என்பதுதான் இந்த வேலையின் முதல் நிபந்தனை. மறுத்தால் அடுத்த பட்டியலில் மணிநேரம் இன்னும் குறையும். அப்புறம் வாடகை ஒப்பந்தம், கடன் விண்ணப்பம், குழந்தைக் காப்பகம் எல்லாமே நிலையான நேரத்தையும் நிலையான வருமானத்தையும் கேட்கின்றன. சராசரி போட்டுப் பார்த்தால் சமாளிக்கலாம்போலத் தோன்றும், வீட்டு வாடகையைச் சராசரியில் கட்ட முடியுமா என்ன?

சலுகைகளின் கதையும் இப்படித்தான். அமெரிக்காவின் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வாரம் 30 மணிநேரத்தை முழுநேரம் என்று வைத்து, பெரிய நிறுவனங்கள் அவ்வளவு நேரம் உழைப்பவர்களுக்குக் காப்பீடு தர வேண்டும், இல்லையேல் அபராதம் என்றது. 29 மணிநேரத்தோடு நிறுத்திக்கொள்ள முதலாளிக்கு ஒரு காரணம் கிடைத்தது. எத்தனை பேர் உண்மையிலேயே அப்படிச் செய்தார்கள் என்பதில் பொருளியலாளர்களிடையே கருத்துவேறுபாடு உண்டு.

இடிக்கிற இடம் ஒன்று உண்டு, மறைக்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் பாதி நேரம் மட்டும் போகும் தாயை அமெரிக்கப் புள்ளியியல் ‘பொருளாதாரம் சாராத காரணம்’ என்ற பெட்டியில் போடுகிறது. பன்னாட்டு அளவுகோலிலும் ‘இப்போது தயாராக இல்லை’ என்று வெளியே விட்டுவிடுவார்கள். ஆனால் காப்பகம் கிடைத்தால் அவரும் நாளைக்கே முழுநேரம் போவாரே, அவருடையது மட்டும் எப்படி விருப்பத் தேர்வாகும்? இந்த ‘விருப்பம்’ என்ற அடிப்படையே ஆட்டம்காண்கிறது என்பதால்தான் அதைச் சொல்லுக்குள் நுழைக்க வேண்டாம் என்கிறேன். ‘குறைநேரம்’ அவரையும் ஏற்கும். வரையறையில் அவரைச் சேர்ப்பதா விடுவதா என்பதைப் புள்ளியியல்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜெர்மனியின் ‘குர்ட்ஸ்ஆர்பைட்’டுக்கு இங்கே ஒருவர் ‘குறுநேர வேலை’ என்றார். குறு, குறை இரண்டும் அருகருகே வந்தால் அச்சுப் பிழையே போதும் பொருளை மாற்ற. அங்கே நிறுவனம் ஆளை அனுப்பாமல் நேரத்தை மட்டும் தற்காலிகமாக வெட்டுகிறது, இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு ஈடுகட்டுகிறது. அதை ‘ஈட்டுடன் நேரக்குறைப்பு’ எனலாம். நீளம்தான், வேறு இருந்தால் சொல்லுங்கள்.

கூப்பிட்டால் வரத் தயாராகக் காத்திருக்கும் ‘ஆன்-கால் ஷிஃப்ட்’டுக்கு இன்னும் யாரும் எந்தச் சொல்லும் தரவில்லை. அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன், இதோடு சேர்த்தால் இரண்டுமே முடியாது.