காய்ச்சல் கேட்டுப் போன வீடுகள்

2020 மே மாதம். சென்னையில் அப்போது ராயபுரம் மண்டலத்தில்தான் கொரோனா தொற்று அதிகம். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல், இருமல் விசாரித்து எழுதிய தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. மண்ணடியும் சவுக்கார்பேட்டையும் என் பங்கு.

முதல் வாரம் ஒரு வீட்டில்கூட யாருக்கும் காய்ச்சல் இல்லை! "எல்லாரும் நல்லா இருக்கோம், போங்கம்மா" என்று கிரில் கேட்டுக்குள் இருந்தே அனுப்பிவிடுவார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடிப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள். டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் அமைப்பின் மாநாட்டுக்குப் போய்வந்தவர்களால்தான் தொற்று பரவியது என்று டிவியில் பேசிய பேச்சும் மண்ணடியில் ஆறாமலே இருந்தது. "எங்க பேரையும் அந்த லிஸ்டுல சேர்க்கத்தானே வந்தீங்க?" என்று ஒரு பெரியம்மா நேராகவே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம் அதே தெருவில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் எங்களோடு சேர்ந்தாள். அவள் காய்ச்சல் பேச்சையே எடுக்கமாட்டாள். "மாமி, சுகர் மாத்திரை இருக்கா, வாங்கிட்டு வரவா?" என்றுதான் தொடங்குவாள். ரம்ஜான் நோன்பு மாதம் அது; விடியலுக்கு முன்னால் எழுந்து சஹர் சாப்பிடுவார்கள். மூன்றாம் நாள் அதே பெரியம்மா, "சஹருக்கு எழுந்தப்போ உடம்பு சுட்டுச்சும்மா" என்று முக்காட்டைச் சற்று ஒதுக்கி நெற்றியைக் காட்டினார். 101. அன்றைக்கே பரிசோதனைக்கு அழைத்துப்போனோம்.

சவுக்கார்பேட்டையில் சிக்கல் மொழிதான். தமிழ் நோட்டீஸைப் படிக்கத் தெரியாத மார்வாடிக் குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாடியில் நின்று இந்தியில் சொன்னார்கள்.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீங்கள் வீடு வீடாகப் போன அதே சமயம் நான் சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதியில் இருந்தேன். அறைக்கு 12 பேர். 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி முதலில் இரண்டு விடுதிகளைத் தனிமைப்படுத்தினார்கள், பிறகு எங்களுடையது. மனிதவள அமைச்சிலிருந்து ஃபோனுக்குத் தமிழிலும் வங்காளத்திலும் தகவல் வரும். கையைக் கழுவு, கூட்டம் சேராதே, எல்லாம் சரி. சம்பளம் நிற்குமா, ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில் என்பதுதான் எங்கள் கவலை. அந்தப் பயத்தில் காய்ச்சலை இரண்டு நாள் மறைத்தேன்.

பரிசோதிக்க வந்த குழுவில் தமிழ் பேசும் நர்ஸ் ஒருவர் இருந்தார். "சிகிச்சைக்கு நீ காசு கட்டவேண்டாம் தம்பி" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பங்களாதேஷ்காரரும் இருமலை மறைத்துக்கொண்டிருந்தார். அரைகுறை மலாயிலும் சைகையிலும் அவருக்கு நான்தான் அதைச் சொன்னேன்.