புதுப்பிப்பு: ஹீட்டர் வால்வு மாற்றியாச்சு

போன வாரம் கேட்டிருந்தேனே, நியூ ஜெர்சி வீட்டு வாட்டர் ஹீட்டரில் ரிலீஃப் வால்வு (அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் வால்வு) சொட்டுகிறது, கராஜில் பல வருடமாகப் பிரிக்காமல் கிடக்கும் பித்தளை வால்வையே மாட்டலாமா என்று. மாட்டவில்லை, காரணம் காரீயம். 2014 ஜனவரி 4-க்கு முன் இங்கே அமெரிக்காவில் குழாய்ச் சாமானில் 8 சதவீதம் வரை காரீயம் இருந்தாலும் சட்டப்படி ‘லெட் ஃப்ரீ’ (காரீயம் இல்லாதது)தான்! இப்போது தண்ணீர் படும் பரப்பில் சராசரியாக 0.25 சதவீதம்தான் உச்சம், பற்றவைக்கும் சால்டரில் 0.2. என் வால்வில் தேதியும் இல்லை, குறியும் இல்லை.

“குளிக்கத்தானே, ஷவர் வால்வுக்கு விலக்கு உண்டே” என்று ஒருவர் சொன்னது பாதி சரி; அந்தக் காரீய வரம்பு விலக்கு ஷவர் வால்வுக்கு, டாய்லெட் ஃபில் வால்வுக்கு எல்லாம் உண்டு, ஆனால் ஹீட்டர் தண்ணீர் சமையலறைக் குழாய்க்கும் போகிறதே. அதனால் என்எஸ்எஃப் 372 குறி (காரீய அளவைச் சோதித்ததற்கான அடையாளம்) போட்டதாகப் பார்த்து வாங்கினேன். அப்புறம், ஈயச்சொம்பு ரசத்திலும் காரீயம் சேருமா என்று கேட்டவருக்கு: சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம், கலப்படம் இல்லாதவரை.

பழையதைக் கழற்றத்தான் அரை மணி நேரம், மரை அப்படி இறுகிக் கிடந்தது. இப்போது சொட்டவில்லை.