தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை: விசா கிடைத்துவிட்டது, வகுப்புக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கம். பி.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறேன். ஆன்லைனில் படித்த 120 மணி நேர டெஃபில் (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழும் இருக்கிறது. மே நடுவில் தாய்லாந்தில் பள்ளி திறக்கிறது, "விசா இல்லாமலே வந்து இறங்குங்க, வகுப்பை ஆரம்பிங்க, பேப்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் ஏஜென்ட். நம்பிப் போகலாமா?

பதில்: வந்து இறங்குவதில் தப்பில்லை, வகுப்பை ஆரம்பிப்பதில்தான் வில்லங்கம். விசா இல்லாமல் உள்ளே விடுவது ஊர் சுற்றிப் பார்க்க. அனுமதி இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், திருப்பி அனுப்புவார்கள், அதன்பின் 2 வருடத்துக்கு வேலை அனுமதி கிடைக்காது. பள்ளிக்கும் தலைக்கு 10,000 முதல் 1,00,000 பாட் வரை அபராதம் உண்டு. ஏஜென்ட் பைக்குள்ளிருந்து ஒரு காசு போகாது என்பதைக் கவனியுங்கள்.

அங்கே பள்ளியில் சட்டப்படி பாடம் நடத்த மூன்று இடத்துக் காகிதம் வேண்டும். தங்குவதற்கு, தூதரகம் தரும் நான்-இமிக்ரன்ட் பி விசா. வேலை செய்வதற்கு, தொழிலாளர் அமைச்சகத்தின் வேலைவாய்ப்புத் துறை தரும் வொர்க் பெர்மிட். ஆசிரியராக நிற்பதற்கு, ஆசிரியர் மன்றமான குருசபாவின் அனுமதி. (குரு, சபை: பெயரில் நமக்குப் புரியாதது ஒன்றுமில்லை.) ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்தமாதிரி ஆகாது. பி விசா வந்ததும் மறுநாளே வகுப்புக்குப் போகலாம் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு.

டெஃபில் சான்றிதழைப் பள்ளி விரும்பலாம், ஆனால் சட்டம் கேட்பது பட்டம். எந்தத் துறைப் பட்டமானாலும் சரி, டிப்ளமா மட்டும் போதாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் 'ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்' பட்டியலில் இல்லை. எல்கேஜியிலிருந்து ஆங்கில மீடியம் என்று வாதாடிப் பயனில்லை, அவர்கள் பார்ப்பது கடவுச்சீட்டின் நிறத்தை. அதனால் ஆங்கிலத் திறன் தேர்வு மதிப்பெண் கட்டாயம், பெரும்பாலும் கேட்பது டோயிக் தேர்வு: 990க்கு குறைந்தது 600. கேட்டலில் 100 கேள்வி 45 நிமிடம், வாசித்தலில் 100 கேள்வி 75 நிமிடம். நன்றாக ஆங்கிலம் வருபவர்களும் வாசித்தலின் கடைசிப் பகுதியில் நேரம் போதாமல் திணறுவார்கள். நேரம் வைத்து இரண்டு மாதிரித் தேர்வாவது எழுதிப் பாருங்கள். மதிப்பெண் செல்லுபடியாவது 2 வருடம்.

அதனால் வரிசை இப்படி: பள்ளியோடு ஒப்பந்தம், பள்ளி அனுப்பும் அழைப்புக் கடிதமும் அதன் உரிமப் பத்திரங்களும், ஊரிலிருந்தே இ-விசா விண்ணப்பம், அதன்பிறகு விமானம். சென்னையில் தாய்லாந்து துணைத் தூதரகம் இருக்கிறது, இலங்கையருக்குக் கொழும்புத் தூதரகம். ஒரு நுழைவு பி விசாவில் 90 நாள் கிடைக்கும், மற்ற இரண்டு காகிதமும் அந்த 90 நாளுக்குள் முடிய வேண்டும். ஏற்கெனவே சுற்றுலாவில் உள்ளே வந்துவிட்டவர்கள் அங்கேயே பி விசாவுக்கு மாற்றக் கேட்கலாம், கட்டணம் 2,000 பாட். தங்கும் காலத்தில் குறைந்தது 15 நாள் பாக்கி இருக்க வேண்டும். பள்ளி பத்திரங்களைத் தர இழுத்தடித்தால் அந்த 15 நாள் கையைவிட்டுப் போய்விடும். அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேறொருவர் பதில்: மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் நம் ஆட்களின் கோப்பு பாதி வழியில் நிற்பது பெரும்பாலும் பெயரால்தான்.

பட்டச் சான்றிதழில் "கார்த்திக் எம்" என்று இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எம். கார்த்திக்". பாஸ்போர்ட்டில் பெயர் கார்த்திக், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் முருகேசன். நமக்கு மூன்றும் ஒரே ஆள். தாய்லாந்துக்காரர்களுக்கு ஆளுக்கொரு பெயர், வீட்டுக்கொரு குடும்பப் பெயர். அந்த 'எம்' என்ன என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் புரியவே புரியாது. "இது உங்கள் சான்றிதழ் இல்லை" என்று சாதாரணமாகத் திருப்பிக் கொடுப்பார். இலங்கைத் தமிழருக்கும் இதே கதைதான்: பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால், பல்கலைக்கழகச் சான்றிதழில் இனிஷியல்.

சரிசெய்ய வேண்டியது ஊரிலேயே. பாஸ்போர்ட் புதிதாக எடுப்பவர்கள் இனிஷியலை விரித்து எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டவர்கள், எல்லா வடிவங்களும் ஒரே நபரைக் குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஆங்கிலத்தில் தயார் செய்து, பட்டத்தோடு சேர்த்தே மேலொப்பம் வாங்குங்கள். தனியாக வாங்கினால் அது வெறும் காகிதம். வாங்கும்போது பத்திரத்தில் உள்ள எழுத்துக்கூட்டலும் பாஸ்போர்ட் எழுத்துக்கூட்டலும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். 'டி'க்கு அப்புறம் ஒரு 'எச்' விட்டுப்போனால் திரும்ப முதலிலிருந்து.

பட்டத்துக்கு ப்ரொவிஷனல் சான்றிதழ் கொடுத்துச் சமாளிக்க முடியாது. கான்வகேஷன் சான்றிதழ் அசல், மொத்த மதிப்பெண் பட்டியல், பல்கலைக்கழகத்திடமிருந்து உண்மைத்தன்மைச் சான்று மூன்றும் வேண்டும். உண்மைத்தன்மைச் சான்றுக்குப் பல்கலைக்கழகம் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், முதலில் விண்ணப்பிக்க வேண்டியது இதற்குத்தான். இலங்கையர் வெளிவிவகார அமைச்சின் கொன்சியுலர் பிரிவில் இணையவழி உறுதிப்படுத்தல் செய்யலாம். இந்தியர்கள், மேலொப்பம் அப்போஸ்டிலா (வெளிநாட்டில் காட்டும் பத்திரங்களுக்கு அரசு தரும் சான்று), தூதரக முத்திரையா என்பதைப் பள்ளியிடம் எழுத்தில் கேட்டுவிட்டு ஏஜென்சிக்குப் பணம் கட்டுங்கள்.

இந்தியர்களுக்குப் போலீஸ் சான்றிதழ் என்பது பாஸ்போர்ட் சேவா மூலம் எடுப்பது, கட்டணம் 500 ரூபாய். உள்ளூர் காவல் நிலையத்தில் வாடகை வீட்டுக்கோ கம்பெனி வேலைக்கோ வாங்கும் நன்னடத்தைச் சான்று வேறு, அதை நீட்டாதீர்கள்.

மறுபடி முதல் பதிலாளர்: நல்லது, பெயர் விஷயத்தை நான் விட்டுவிட்டேன். இறங்கியபின் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரமே மருத்துவச் சான்று எடுங்கள். சும்மா "ஆரோக்கியமாக இருக்கிறார்" என்று எழுதி வாங்கினால் வொர்க் பெர்மிட்டுக்குச் செல்லாது. சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை, காசநோய், தொழுநோய், யானைக்கால், போதை, குடி எல்லாம் இல்லை என்று தனித்தனியாக இருக்க வேண்டும். கிளினிக் கவுன்டரில் "வொர்க் பெர்மிட்" என்று சொன்னாலே எந்தப் படிவம் என்று அவர்களுக்குத் தெரியும். வொர்க் பெர்மிட் கட்டணம் ஒரு வருடத்துக்கு 3,000 பாட், விண்ணப்பத்துக்கு 100. யார் கட்டுவது என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பழைய நீலப் புத்தகம் போய் இப்போது இணையவழியும் அட்டையும் வந்துகொண்டிருக்கிறது, பெயர் மாறினாலும் கேட்கும் பத்திரங்கள் ஏறக்குறைய அவையேதான்.

குருசபாவுக்குப் பள்ளிதான் விண்ணப்பிக்கும். பி.எட். இல்லாதவர்களுக்குத் தற்காலிக அனுமதி, 2 வருடம். அதைக் காலம் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே ஓட்ட முடியாது. பி.எட். இருப்பவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள், உரிமத்துக்கான பாதையே வேறு.

வொர்க் பெர்மிட் வந்தபின் இமிக்ரேஷனில் தங்கும் காலத்தை நீட்டிக்க வேண்டும், கட்டணம் 1,900 பாட். அதிகபட்சம் ஒரு வருடம், ஒப்பந்தம் எவ்வளவோ அதற்குள். ஏஜென்சி வழிப் பள்ளிகளில் 10 மாத ஒப்பந்தம் சகஜம், அங்கே நீட்டிப்பும் அதோடு முடியும், கோடை விடுமுறைச் சம்பளமும் இருக்காது. நீட்டிப்பு கேட்கும் நாளில் டி.எம்.30 ரசீது கேட்பார்கள். நீங்கள் தங்கியிருப்பதை வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்த ரசீது அது. அறை பார்க்கும்போதே, வாடகையைப் பேசுமுன், "டி.எம்.30 போட்டுத் தருவீர்களா?" என்று கேளுங்கள்.

90 நாளுக்கு ஒருமுறை முகவரி அறிவிப்பு. 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை கொடுக்கலாம், தவறினால் 2,000 பாட். அடுத்த தேதி எழுதிய சீட்டைத் தருவார்கள், அதில் வருடம் புத்த ஆண்டில் இருந்தால் 543 கழித்துக்கொள்ளுங்கள்: 2569 என்றால் 2026.

ஊருக்குப் போவதாக இருந்தால் ரீ-என்ட்ரி பெர்மிட் (திரும்ப உள்ளே வரும் அனுமதி) எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. தீபாவளிக்கு ஒரு வாரம் போய்வரும் அவசரத்தில் இதை மறந்தால், நீட்டிப்பு விமான நிலையத்திலேயே செத்துப்போகும். மறுபடி பி விசா, மறுபடி 90 நாள்.

கேள்வி: மொழி மையத்தில் சேர்ந்தால் குருசபா வேண்டாமாமே? அப்புறம், சனி ஞாயிறில் வெளியே டியூஷன் எடுக்கலாமா?

பதில்: மொழி மையத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் குருசபா அனுமதி தேவையில்லை, உண்மைதான். வொர்க் பெர்மிட் மட்டும் எங்கேயானாலும் வேண்டும். டியூஷனைப் பொறுத்தவரை, இரண்டாவது முதலாளி யார், எந்த இடம், என்ன வேலை என்று வேலைவாய்ப்புத் துறைக்கு 15 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். மாணவர் வீட்டுக்குப் போய் ரொக்கமாக வாங்குவதை அப்படித் தெரிவிக்க வழியில்லை, எடுக்காதீர்கள்.

வேறொருவர் பதில்: வேலையை விடும்போது ஒன்று. நீட்டிப்பு அந்த வேலையோடு ஒட்டியது. முத்திரையில் அடுத்த மார்ச் என்று இருந்தாலும், பள்ளியில் உங்கள் கடைசி நாளோடு தங்கும் உரிமையும் முடிகிறது. இமிக்ரேஷனில் 1,900 பாட் கட்டி 7 நாள் கேட்கலாம். அதற்கு மேல் தங்கினால் நாளுக்கு 500 பாட் அபராதம், உச்சம் 20,000. ஆகவே புதுப் பள்ளி பத்திரங்களைத் தயாராக வைத்திருக்கும் தேதியைக் கேட்டபிறகே ராஜினாமா கடிதத்தில் கடைசி நாளை எழுதுங்கள். பழைய பள்ளியிடம் விடுவிப்புக் கடிதத்தையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், விடுமுறையில் அலுவலகம் பூட்டிக் கிடக்கும்.