மேற்கு மாம்பலத்தில் 1986-ல் கட்டிய எட்டு ஃப்ளாட்: ஆறு பேர் சம்மதம், இரண்டு பேர் இல்லை. இடித்துக் கட்டலாமா?

லேக்வியூ_செயலாளர்:

வணக்கம். லேக் வியூ ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் எங்கள் ஃப்ளாட். இரண்டு கிரவுண்ட் மனை, எட்டு வீடு. தரைத்தளத்தில் இரண்டு, மேலே இரண்டு மாடிகளில் மும்மூன்று. வீடு 750 சதுர அடி, ஆளுக்கு 600 சதுர அடி யுடிஎஸ் (பிரிக்கப்படாத மனைப் பங்கு). லிஃப்ட் கிடையாது. ஆறு வருஷமாக அசோசியேஷன் செயலாளர் நான்தான்.

கட்டிடத்துக்கு வயதாகிவிட்டது. சன்ஷேடில் காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. இரண்டு தடவை பூசிவிட்டோம், நிற்கவில்லை. போன ஐப்பசி மழையில் இரண்டாம் மாடி பாத்ரூம் கசிவு கீழ்வீட்டு ஸ்விட்ச் போர்டு வரை இறங்கியது. இனிமேல் ரிப்பேருக்குப் பணம் கேட்டு யார் வீட்டுக் கதவையும் தட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஒரு பில்டர் வந்தார். கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே ஐந்து மாடி. ஒவ்வொருவருக்கும் 900 சதுர அடி வீடு, ஒரு கார் நிறுத்த இடம், 24 மாதத்துக்கு மாதம் 22,000 ரூபாய் வாடகை என்கிறார். கலர் படம் எல்லாம் காட்டினார். ஆறு பேர் சரி என்றுவிட்டார்கள். ஒருவர் வெளிநாட்டில், எத்தனை மெயில் போட்டாலும் பதில் இல்லை. இன்னொருவர் தரைத்தளத்து மாமி.

மாமிக்கு 79 வயது, தனியாக இருக்கிறார். எங்கள் கட்டிடத்தில் முதலில் கிரகப்பிரவேசம் செய்தது அவர் வீடுதான். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "புதுக் கட்டிடத்துல கீழ வீடே கிடையாதேப்பா. நான் எங்க கோலம் போடுவேன்?" எனக்குப் பதில் வரவில்லை. படத்தை எடுத்துப் பார்த்தால் உண்மைதான், கீழே முழுக்க கார்.

2022-ல் இயற்றிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது, அதன்படி மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒப்புக்கொண்டால் போதும், எட்டில் ஆறு சரியாக இருக்கிறது என்கிறார் பில்டர். மாமியைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார். அந்த வார்த்தைக்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. 2015 டிசம்பரில் மாமி வீட்டில் முழங்கால் வரை தண்ணீர். அரிசி டின்னையும் சுவாமி படங்களையும் தலையில் வைத்து மேலே கொண்டுவந்தோம். நான்கு நாள் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவரை நோட்டீஸ் அனுப்பி வெளியேற்றுகிற வேலையை நான் செய்யமாட்டேன். ஆனால் மற்ற ஆறு குடும்பமும் உதிர்கிற காரைக்குக் கீழேதான் படுக்கிறது.

ஆறு பேர் கையெழுத்து போதுமா? இந்தக் கணக்கு நியாயமானதா? உங்கள் கட்டிடத்தில் வயதானவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

அடையாறு_பழையவீடு:

நாங்கள் பன்னிரண்டு வீடு, இடித்துக் கட்டிக் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. 24 மாதம் என்றார்கள், 41 மாதம் ஆனது. 24-ஆவது மாதத்தோடு வாடகையும் நின்றுவிட்டது. காரணம், ஒப்பந்தத்தில் "24 மாதத்துக்கு வாடகை" என்று எழுதியிருந்தது. "சாவி கையில் தரும் நாள் வரை" என்று எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வரிக்கு நாங்கள் கொடுத்த விலை வீட்டுக்கு லட்சக்கணக்கில். உங்கள் வக்கீலிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். வக்கீல் உங்களுடையவராக இருக்கட்டும், பில்டர் கூட்டிவருபவர் வேண்டாம்.

எங்கள் கட்டிடத்திலும் 80 தாண்டிய ஒரு தம்பதி இருந்தார்கள். எங்கள் முதல் தப்பு, அவர்களைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்டது. தனியாகப் போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் பயந்தது புது வீட்டுக்கு அல்ல, நடுவில் வரும் வாடகை வீட்டுக்கு. வயதானவர்களுக்கு, அதுவும் குறைந்த காலத்துக்கு, வீடு கொடுக்க ஆளில்லை. கடைசியில் நாங்களே அதே தெருவில் ஒரு கீழ்வீட்டைத் தேடிப்பிடித்து, அட்வான்ஸை பில்டரிடமிருந்து நேராக வீட்டுக்காரருக்குக் கொடுக்க வைத்தோம். கையெழுத்து அதற்கு அப்புறம்தான் கேட்டோம்.

தாம்பரம்_சைட்_இன்ஜினியர்:

மூன்றில் இரண்டு பங்கு என்பது சரி. ஆனால் அது தீர்மானத்துக்கான எண்ணிக்கை. மாமி சாவியைக் கொடுக்காமல் உட்கார்ந்தால் கட்டிடம் காலியாகாது. கேஸ் நடக்கிற காலம் முழுக்க மற்ற ஏழு வீடும் வெளியே வாடகையில் நிற்கும்.

அதைவிட முக்கியமான கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. உங்கள் தெரு எத்தனை அகலம்?

2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகள்படி உயரமல்லாத கட்டிடத்துக்கு எஃப்எஸ்ஐ 2.0. அதாவது மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். முன்பு இது 1.5 ஆக இருந்தது. பழைய பேட்டைகளில் திடீரென்று எல்லோர் வாசலுக்கும் பில்டர் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். உங்கள் இரண்டு கிரவுண்ட் 4800 சதுர அடி. இரண்டு மடங்கு என்றால் 9600. பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ, அதாவது அதற்கு மேலும் கட்டும் உரிமை, வாங்கலாம், ஆனால் அது தெரு அகலத்தைப் பொறுத்தது. 9 மீட்டரிலிருந்து 12 மீட்டர் வரை 30 சதவீதம், 18 மீட்டர் வரை 40, அதற்கு மேல் 50. ஒன்பது மீட்டருக்குக் கீழே ஒன்றும் கிடையாது.

இப்போது பில்டர் சொன்னதைப் போட்டுப் பாருங்கள். எட்டு வீட்டுக்கு 900 வீதம் 7200. 30 சதவீதப் பிரீமியம் கிடைத்தால் மொத்தம் 12,480, அவருக்கு 5280 மிஞ்சும். கிடைக்காவிட்டால் 9600-ல் 2400 மட்டும்தான் மிஞ்சும். அதை விற்றுத்தான் இடிப்பது, கட்டுவது, அனுமதிக் கட்டணம், எட்டு வீட்டு வாடகை எல்லாம் பார்க்க வேண்டும். யாரும் அப்படிக் கட்டமாட்டார்கள். ஆகவே அவருடைய படம் உங்கள் தெரு 9 மீட்டர் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அல்லது அனுமதிக்கு மேல் கட்டிவிடலாம் என்ற எண்ணத்தில். இரண்டாவதாக இருந்தால் அனுபவிக்கப்போவது நீங்கள். எட்டு வீட்டுக்கு மேல் போகிற கட்டிடத்துக்கு நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பு வராது.

இன்னொன்று. 900 என்றால் எந்த 900 என்று கேளுங்கள். படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதைப் பங்கு எல்லாம் சேர்த்த அளவாக இருந்தால் உள்ளே கால் வைக்கும் இடம் இப்போதைய வீட்டைவிடப் பெரிதாக இருக்காது. கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு தேவையில்லை என்றும் பில்டர் சொல்வார். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, உங்களுடையது 446 சதுர மீட்டர்தான் வரும். இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை போடுங்கள். சர்வே எண்ணை வைத்து சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தில் உங்கள் மனை முதன்மைக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா என்பதையும் பார்த்துவிடுங்கள். பக்கத்து மனையில் நாளைக்கு என்ன வரலாம் என்பது அதில் தெரியும்.

டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். பில்டர் சொல்லும் அகலத்தை நம்ப வேண்டாம்.

வாடகைக்கு_இருப்பவள்:

உங்கள் எட்டு வீட்டில் எத்தனை வீட்டில் உரிமையாளர் இருக்கிறார், எத்தனையில் எங்களைப் போல வாடகைக்கு இருக்கிறார்கள் என்று சொல்லவில்லையே. நாங்கள் கோடம்பாக்கத்தில் இப்படி ஒரு கட்டிடத்தில் ஒன்பது வருஷம் இருந்தோம். இடிக்கப்போகிற செய்தியை எங்களுக்குச் சொன்னவர் பால்காரர். பள்ளிக்கூடத்தில் முழு ஆண்டுத் தேர்வு நடக்கிற மாதத்தில் வீடு தேடினோம். சட்டப்படி எங்களைக் கேட்க வேண்டியதில்லை, எனக்கும் தெரியும். ஆறு மாதம் முன்னால் நேரில் வந்து சொல்லியிருந்தால் போதும். நீங்கள் மாமிக்காக இவ்வளவு யோசிப்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

லேக்வியூ_செயலாளர்:

முதலில் வாடகைக்கு இருக்கும் சகோதரிக்கு. மூன்று வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். நான் எழுதவில்லை என்பதைவிட, எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று மாலை மூன்று வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். எது முடிவானாலும் இந்தப் பள்ளி ஆண்டு முடியும் முன் யாரையும் காலி செய்யச் சொல்லமாட்டோம் என்று ஆறு உரிமையாளரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று காலை ஐந்தரை மணிக்கு, வண்டிகள் எடுப்பதற்கு முன், பக்கத்து வீட்டுப் பையனோடு தெருவை அளந்தேன். எங்கள் வாசலில் 24 அடி. முனையில் இருக்கும் பிள்ளையார் கோயில் பக்கம் 22. மீட்டரில் 7.3-ம் 6.7-ம். ஒன்பதுக்குப் பக்கத்தில்கூட இல்லை. பில்டருக்கு போன் செய்தேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றார். எப்படி என்று மூன்று தடவை கேட்டும் அதே பதில்தான். அவரோடு பேச்சை நிறுத்திவிட்டோம்.

இப்போது இன்னொருவரிடம் 9600-க்குள் கணக்கு கேட்டிருக்கிறோம். ஆளுக்கு இப்போதிருக்கும் 750 போதும், லிஃப்ட் வேண்டும், கசியாத பாத்ரூம் வேண்டும். அப்படியானால் பில்டருக்கு 3600, நான்கு வீடு. கையிலிருந்து கொஞ்சம் பணம் போட வேண்டியிருக்கும் என்றும் ஆறு பேரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் முகம் வாடியது, ஆனால் விலகவில்லை.

இன்ஜினியர் சார், உங்களிடம் ஒன்று. ஸ்டில்ட் முழுவதும் பார்க்கிங்காகத்தான் இருக்க வேண்டுமா? பின்பக்கம் ஒரு வீடு வைக்க முடியுமா?

தாம்பரம்_சைட்_இன்ஜினியர்:

பன்னிரண்டு வீட்டுக்கு விதிப்படி தேவையான பார்க்கிங் போக இடம் மிஞ்சினால் கீழே வீடு வைக்கலாம், அந்தப் பரப்பும் 9600-க்குள் வரும். ஆனால் இரண்டு கிரவுண்டில் மிஞ்சுவது கஷ்டம். உங்கள் பகுதியில் 2015-க்குப் பிறகு 2021 நவம்பரிலும் தண்ணீர் தேங்கியது. லேக் வியூ ரோடு என்ற பெயரிலேயே ஏரி இருக்கிறது. 79 வயது மனுஷியை மறுபடியும் தரையில் குடிவைக்க நான் வரைந்து கொடுக்கமாட்டேன். முதல் மாடி, லிஃப்ட் வாசலுக்கு எதிர் வீடு அவருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கரண்ட் போனால் லிஃப்ட் அடுத்த மாடிக்கு வந்து தானாகக் கதவு திறக்கும் சாதனம் இருக்கிறது, அதையும் எழுதுங்கள். வாசல் கதவுக்கு முன் நாலுக்கு நாலு அடி இடம் விட முடியும். படத்தில் இப்போதே குறித்துவிட வேண்டும், பிறகு ஷூ ரேக் வைக்க யாராவது கேட்பார்கள்.

லேக்வியூ_செயலாளர்:

நேற்று இதை மாமியிடம் படம் வரைந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நாலடின்னா அஞ்சு புள்ளிக் கோலம் வரும்" என்றார். சம்மதம் என்று சொல்லவில்லை. அயோத்தியா மண்டபத்துக்கு நடந்து போகிற தூரத்தில், கீழ்வீடாக, இந்தியன் டாய்லெட் இல்லாமல் ஒரு வாடகை வீட்டை முதலில் காட்டு, அப்புறம் பேசலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீடு பார்க்கப் போகிறோம், அவரும் வருகிறார். ஆரிய கௌடா ரோடு பக்கம் கீழ்வீடு ஏதாவது காலியாக இருப்பது தெரிந்தால் இங்கே எழுதுங்கள்.